வாசித்தது போதும், மேடையேற்றுங்கள்!

புதிய நாடகங்களுக்கென்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்றுக்குள் நுழைந்து பார்த்தால் பெரும்பாலும் கண்ணில் படுவது இந்தக் காட்சிதான். மேடையில் ஆறு நாற்காலிகள், ஆறு மியூசிக் ஸ்டாண்டுகள், ஒவ்வொரு நாற்காலிக்குக் கீழும் ஒரு தண்ணீர் பாட்டில். கறுப்பு உடையில் ஆறு மாணவர்கள் வந்து உட்காருகிறார்கள். ஐந்து பேர் பாத்திரங்கள். ஆறாவது ஆள் மேடைக் குறிப்புகளை வாசிப்பவர். "மழை பெய்கிறது" என்று அவர் வாசிக்கிறார். மழை பெய்யவில்லை. "அவள் அவனை அறைகிறாள்" என்று வாசிக்கிறார். அவளும் அவனும் நான்கடி தள்ளி உட்கார்ந்து அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். "நீண்ட மௌனம்" என்று வாசிக்கிறார். அவர் வாசித்த சத்தத்தில் இருந்த மௌனமும் போய்விடுகிறது.

ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து கைதட்டல். பிறகு நாடகாசிரியரை மேடையில் உட்கார வைத்து, வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். காபி. பிஸ்கட். மறுநாள் இன்னொரு நாடகம், அதே ஸ்டாண்டுகள். வாரக் கடைசியில் "இந்த ஆண்டு இத்தனை புதிய நாடகங்களை வழங்கினோம்" என்று துறை பெருமையோடு அறிவிக்கிறது.

வழங்கினார்களா? சமையல் குறிப்பை உரக்கப் படித்துவிட்டு விருந்து போட்டேன் என்று ஒருவர் சொன்னால் எந்த ஊரில் ஒப்புக்கொள்வார்கள்?

வாசிப்பு கெட்ட காரியம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. எழுதியவர் தன் வசனத்தை இன்னொருவர் வாயில் கேட்டே ஆக வேண்டும். எங்கே இழுக்கிறது, எங்கே ஒரே விஷயம் இரண்டு முறை வருகிறது, எந்த வாக்கியம் நாக்கில் சிக்குகிறது என்பதெல்லாம் காதில் விழுந்தால்தான் தெரியும். நாடகம் எழுதும் வேலையில் அது ஒரு படி. படியையே வீடு என்று காட்டும்போதுதான் தகராறு. அதுவும் மேடை, விளக்கு, தச்சுப் பட்டறை, தையல் அறை, நடிக்கத் துடிக்கும் மாணவர்கள் என்று எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கும் ஒரு பல்கலைக்கழகம் அப்படிக் காட்டும்போது தகராறு இன்னும் பெரிதாகிறது. அரங்கு இல்லாதவன் வாசிக்கலாம், தப்பில்லை. அரங்கைப் பூட்டி வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்து வாசிப்பதற்கு என்ன பெயர்?

நூறு வருஷத்துக்கு முன்பே முடிந்த காரியம்

"இது கல்வி நிலையம், தொழில்முறை நாடகக் கம்பெனி இல்லை. எங்களால் முடிந்தது இவ்வளவுதான்" என்பது வழக்கமான பதில். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

ஹார்வர்டில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் என்று ஒரு ஆங்கிலப் பேராசிரியர் இருந்தார். நாடகம் எழுதுவதைக் கற்பிக்க அவர் நடத்திய வகுப்பின் பெயர் 'ஆங்கிலம் 47'. மாணவர்கள் எழுதியதை வகுப்பிலேயே படித்து, வகுப்பிலேயே பேசி முடித்துக்கொள்வது போதாது என்று அவருக்குப் பட்டது. 1912-ல் '47 ஒர்க்‌ஷாப்' என்ற பட்டறையைத் தொடங்கினார். மாணவர் எழுதிய நாடகங்கள் காட்சியமைப்போடு, ஒளியோடு, உடையோடு அங்கே மேடையேறின. ஹார்வர்டில் அதற்கென்று அரங்கு கிடையாது. பக்கத்தில் பெண்களுக்கான ராட்கிளிஃப் கல்லூரியின் அகாஸி ஹவுஸ் மேடையில்தான் காரியம் நடந்தது. பார்வையாளர்களுக்கு அழைப்பு உண்டு, கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு: பார்த்ததைப் பற்றி விமர்சனம் எழுதிக் கொடுக்க வேண்டும். முதலில் நாடகத்தை மேடையில் பார், பிறகு கருத்துச் சொல். அந்த வரிசை முக்கியம்.

பேக்கர் ஒரு அரங்கு வேண்டும் என்று கேட்டார். ஹார்வர்ட் கொடுக்கவில்லை. எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் யேல் பல்கலைக்கழகத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்து நாடகத் துறைக்கு வழி செய்தார். 1925-ல் பேக்கர் யேலுக்குப் போய்விட்டார். ஒரு மேடைக்காக ஒரு பேராசிரியர் ஹார்வர்டையே விட்டுப் போனார் என்பதை இன்றைய விழாக்காரர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். மேடை இல்லாமல் நாடகம் கற்பிக்க முடியாது என்பது அவருக்குப் பிழைப்போடு சேர்ந்த நம்பிக்கை. இன்றைக்கு மேடையைக் கையில் வைத்துக்கொண்டே அது வேண்டாம் என்கிறார்கள்.

வட கரோலினா பல்கலைக்கழகம் பேக்கரின் வசதிகூட இல்லாத இடம். அங்கே ஃபிரடெரிக் கோச் என்ற பேராசிரியர் 1918-ல் 'கரோலினா பிளேமேக்கர்ஸ்' குழுவைத் தொடங்கினார். மாணவர்கள் தங்கள் மண்ணின் மனிதர்களைப் பற்றி எழுத வேண்டும், எழுதியதை அவர்களே நடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1919-ல் தாமஸ் உல்ஃப் என்ற மாணவர் தான் எழுதிய ஓரங்க நாடகத்தில் தானே முக்கிய வேஷம் கட்டினார். அதே குழுவில் வளர்ந்த பால் கிரீன் 1927-ல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசு வாங்கினார்.

அந்த உல்ஃப் பிறகு ஹார்வர்டுக்கு, பேக்கரிடம் போனார். 1923-ல் அவருடைய 'வெல்கம் டு அவர் சிட்டி' நாடகத்தை 47 ஒர்க்‌ஷாப் மேடையேற்றியது. ஏகப்பட்ட பாத்திரங்கள், ஏகப்பட்ட நீளம். நியூயார்க்கின் தியேட்டர் கில்டுக்கு அனுப்பினார், அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. உல்ஃப் நாவல் பக்கம் திரும்பினார். 1929-ல் வந்த 'லுக் ஹோம்வர்ட், ஏஞ்சல்' அவர் பெயரை நிலைநாட்டியது. அந்த மேடையேற்றம் வீண் என்று கணக்குப் பார்ப்பவர் சொல்லலாம். தன் கதை எத்தனை ஆட்களை, எத்தனை நேரத்தைக் கேட்கிறது என்பதை அவர் காகிதத்தில் அல்ல, ஆட்கள் நிறைந்த மேடையில் கண்ணால் கண்டார். ஐந்து நாற்காலிக்குள் அடக்கி வாசித்திருந்தால் அந்தப் பிதுங்கல் தெரிந்திருக்குமா?

வாசிப்பு எங்கிருந்து வந்தது?

பேக்கரின் வகுப்பில் 1914-15-ல் படித்தவர்களில் ஒருவர் யூஜின் ஓ'நீல். அவர் 1916 கோடையில் மாசசூசெட்ஸ் கடற்கரை ஊரான பிராவின்ஸ்டவுனுக்குப் போனார். அங்கே எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடி நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய 'பவுண்ட் ஈஸ்ட் ஃபார் கார்டிஃப்' என்ற சின்ன நாடகத்தை ஒரு வீட்டில் உட்கார்ந்து உரக்க வாசித்தார்கள். பிடித்துப்போயிற்று. அதே கோடையில், மீன்பிடித் துறையில் இருந்த ஒரு பழைய மரக் கொட்டகையில் அதை நடித்தார்கள். கப்பலில் சாகக் கிடக்கும் மாலுமியின் கதை. தரைக்குக் கீழே நிஜக் கடல் அலையடித்துக்கொண்டிருந்தது. வாசிப்புக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு பருவம்கூட மாறவில்லை!

அந்த ஓ'நீலின் பெயரால்தான் 1964-ல் கனெக்டிகட்டில் உள்ள வாட்டர்ஃபோர்டில் ஒரு நாடக மையம் எழுந்தது. தொடங்கியவர் ஜார்ஜ் ஒயிட். 1965-லிருந்து அங்கே கோடைதோறும் நாடகாசிரியர் மாநாடு நடக்கிறது. நடிகர்கள் கையில் பிரதியை வைத்துக்கொண்டு, சில நாள் ஒத்திகையோடு, பெரிய காட்சியமைப்பு எதுவும் இல்லாமல் நடிப்பார்கள். எழுதியவர் பார்த்துத் திருத்திக்கொள்வார். பிராட்வேயில் ஒரு நாடகம் விழுந்தால் எழுத்தாளரும் சேர்ந்து விழுந்த காலத்தில் இது நல்ல ஏற்பாடு. இன்று அமெரிக்கா முழுக்கப் பரவியிருக்கும் வாசிப்பு விழாக்களுக்கு இந்த மையம்தான் பெரிய முன்மாதிரி.

வாசிப்புக்கு வக்காலத்து வாங்குபவர்கள் உடனே எடுத்துக் காட்டும் பெயர் ஆகஸ்ட் வில்சன். பிட்ஸ்பர்க்கின் கறுப்பின மக்கள் வாழ்வை எழுதியவர். அவர் அனுப்பிய நாடகங்களை வாட்டர்ஃபோர்டு பல முறை திருப்பி அனுப்பியது. 1982-ல் 'மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்' தேர்வானது. அங்கே வாசித்து, திருத்தி, வளர்ந்து பெரிய ஆளானார். "பார்த்தீர்களா, வாசிப்பின் மகிமை!" என்பார்கள்.

கதையின் மறுபாதியை ஏன் விழுங்குகிறார்கள்? அந்த மாநாட்டை 1968 முதல் 1999 வரை நடத்தியவர் லாயிட் ரிச்சர்ட்ஸ். 1979-லிருந்து அவர் யேல் நாடகப் பள்ளியின் தலைவரும்கூட. யேல் ரெப்பர்ட்டரி தியேட்டரும் அவர் கையில்தான் இருந்தது. வில்சன் நாடகத்தை வாட்டர்ஃபோர்டில் கேட்ட அதே மனிதர், அதை 1984 ஏப்ரலில் யேலில் தானே இயக்கி மேடையேற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் அது பிராட்வேக்குப் போனது. அடுத்த நாடகம் 'ஃபென்ஸஸ்' 1983-ல் வாட்டர்ஃபோர்டு, 1985-ல் யேல், 1987-ல் பிராட்வே, அதே ஆண்டு புலிட்சர். வென்டி வாசர்ஸ்டைன் கதையும் அப்படித்தான். யேலில் மாணவியாக இருந்தபோது எழுதிய 'அன்காமன் விமன் அண்ட் அதர்ஸ்' நாடகத்தை 1977-ல் வாட்டர்ஃபோர்டில் திருத்தினார். அதே ஆண்டு நியூயார்க்கில் ஃபீனிக்ஸ் தியேட்டர் அதை மேடையேற்றிவிட்டது.

ஆக, வில்சனைத் தூக்கி நிறுத்தியது வாசிப்பு மட்டும் இல்லை. வாசிப்பு அறைக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு இருந்தது. கதவைத் திறந்தால் மேடை. அந்த மேடை யாருடையது? ஒரு பல்கலைக்கழகத்துடையது! இன்றைய விழாக்களில் அறையை மட்டும் காப்பியடித்தார்கள், கதவை விட்டுவிட்டார்கள். கதவு இல்லாத அறையில் இளம் எழுத்தாளர்களைப் பூட்டிவிட்டு "உங்களை வளர்க்கிறோம்" என்பது சுத்தப் பம்மாத்து.

வெளியே நியாயம் இருக்கிறது, உள்ளே என்ன?

தொழில்முறைக் கம்பெனிகள் வாசிப்பை நாடுவதற்கு ஒரு நியாயம் உண்டு. நடிகர்களுக்குச் சங்கம் இருக்கிறது, சம்பளம் கொடுக்க வேண்டும். அமெரிக்க நடிகர் சங்கமான ஈக்விட்டியின் விதிகளில் '29 மணி நேர வாசிப்பு' என்றே ஒரு வகை உண்டு. ஒத்திகை, வாசிப்பு எல்லாம் சேர்த்து 29 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். நடிகர்களின் உழைப்பைச் சுரண்டாமல் இருக்கப் போட்ட வேலி அது. வேலிக்குள் என்ன முடியுமோ அதைச் செய்கிறார்கள்.

பல்கலைக்கழக மாணவர் நடிகருக்கு அந்த வேலி எதற்கு? அவர் அங்கே படிக்க வந்தவர். ஆறு வாரம் ஒத்திகை பார்ப்பதுதான் அவர் பாடம். காட்சியமைப்பு படிப்பவருக்கு மரமும் ஆணியும் கையில் கொடுக்க வேண்டும். ஒளியமைப்பு படிப்பவருக்கு விளக்கு கொடுக்க வேண்டும். வாசிப்பில் இவர்கள் யாருக்கும் வேலையே இல்லை. நாற்காலி போட ஒளியமைப்பாளர் எதற்கு? இன்னொன்றும் உண்டு. நடிப்பு படிக்கும் மாணவர் ஹாம்லெட்டாக நடிக்கும்போது அவருக்கு முன்னால் ஆயிரம் ஹாம்லெட்கள் நிற்கிறார்கள். யாருமே இதுவரை நடித்திராத ஒரு பாத்திரத்தை முதன்முதலாக உடம்பில் ஏற்றும் அனுபவம் புதிய நாடகத்தில் மட்டும்தான் கிடைக்கும். அதையும் ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார வைத்துக் கெடுக்கிறார்கள்.

2020-ல் பெருந்தொற்று வந்து அரங்குகள் மூடியபோது வாசிப்புகள் அப்படியே ஜூமுக்கு இடம் மாறின. நாடகங்கள் மாற முடியாமல் தவித்தன. வாசிப்புக்கு அரங்கே தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டுமா?

வாசிப்பில் சாகும் நாடகங்கள்

வாசிப்பு எல்லா நாடகத்துக்கும் ஒரே மாதிரி நியாயம் செய்வதில்லை. நான்கு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து சாமர்த்தியமாகப் பேசிக்கொள்ளும் நாடகம் வாசிப்பில் ஜொலிக்கும். பேச்சைக் குறைத்து உடம்பையும் இடத்தையும் நம்பும் நாடகம் படுத்துவிடும். கேட்டவர்கள் "இது இன்னும் தயாராகவில்லை" என்று தலையாட்டுவார்கள்.

மரியா ஐரீன் ஃபோர்னஸின் 'ஃபெஃபு அண்ட் ஹர் ஃப்ரெண்ட்ஸ்' 1977-ல் நியூயார்க்கில் மேடையேறியது. எட்டுப் பெண்கள், ஒரு வீடு. நடுப் பகுதியில் பார்வையாளர்களை நான்கு குழுவாகப் பிரித்து, வீட்டின் நான்கு இடங்களுக்கு அனுப்புகிறார். நான்கு காட்சிகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. குழுக்கள் இடம் மாற மாற, காட்சிகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. இதை மியூசிக் ஸ்டாண்டில் வைத்து எப்படி வாசிப்பது? ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தால் அது வேறு நாடகம்.

சூசன்-லோரி பார்க்ஸ் தன் நாடகங்களில் பாத்திரங்களின் பெயர்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் வசனமே இல்லாமல் விட்டுவிடுவார். அந்த இடத்தில் நடிகர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்க்கிறார்கள், எப்படி மூச்சு விடுகிறார்கள் என்பதுதான் நாடகம். வாசிப்பவர் அங்கே என்ன செய்வார்? பெயர்களைப் பட்டியல் படிப்பாரா?

வில்சனின் 'ஃபென்ஸஸ்' முடிவையே எடுத்துக்கொள்ளலாம். போரில் தலையில் அடிபட்ட கேப்ரியல், இறந்துபோன தன் அண்ணனுக்காகச் சொர்க்கத்தின் கதவைத் திறக்க எக்காளம் ஊதப் பார்க்கிறான். எக்காளத்தில் வாய் வைக்கும் பாகம் இல்லை. சத்தம் வரவில்லை. பிறகு அவன் ஆடத் தொடங்குகிறான். நாடகம் முழுவதன் கனமும் அந்த ஊமை எக்காளத்தின் மேல், அந்த ஆட்டத்தின் மேல் இருக்கிறது. "ஊதுகிறான், சத்தம் வரவில்லை" என்று ஆறாவது நாற்காலிக்காரர் வாசித்தால் அது தகவல்.

கேட்டதை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1937-38-ல் அங்கே நாடகம் படித்த டென்னஸி வில்லியம்ஸ், 'ஸ்பிரிங் ஸ்டார்ம்' என்ற தன் நாடகத்தை வகுப்பில் வாசித்துக் காட்டினார். வரவேற்பு இல்லை. பேராசிரியருக்கும் பிடிக்கவில்லை. வில்லியம்ஸ் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டார். அது மேடையேற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1983-ல் இறந்த வில்லியம்ஸ் அதைப் பார்க்கவே இல்லை. அவருக்கு வேறு நாடகங்கள் எழுதும் திராணி இருந்தது, தப்பித்தார். திராணி குறைந்தவர்கள் எத்தனை பேர் அப்படியே எழுத்தை விட்டுப் போனார்கள் என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் எண்ணி வைப்பதில்லை.

அயோவா பாடம் கற்றுக்கொண்டது என்றும் சொல்ல வேண்டும். அதன் வசந்த காலப் புதிய நாடக விழாவில் வாசிப்புகளோடு மாணவர் நாடகங்கள் மேடையும் ஏறுகின்றன. யேலில் 2006-ல் தொடங்கிய கார்லோட்டா விழா, மூன்றாம் ஆண்டு நாடகாசிரியர்களின் நாடகங்களை முழுதாக மேடையேற்றிக் காட்டியது. விழாவின் பெயர் ஓ'நீலின் மனைவி கார்லோட்டாவுடையது. மனம் இருந்தால் முடிகிறது.

ஆளுக்கொரு யோசனை

வாசிப்பு முடிந்ததும் நடக்கும் கலந்துரையாடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "அம்மா பாத்திரம் இன்னும் கொஞ்சம் பேசலாம்", "முடிவு சந்தோஷமாக இருந்தால் நன்றாக இருக்கும்", "எனக்கென்னவோ அவன் அமெரிக்கா திரும்பி வந்திருக்க வேண்டும்" என்று ஆளுக்கொரு யோசனை. எழுதியவர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு தலையாட்டுகிறார். இந்தக் கொடுமையை ஒழுங்குபடுத்த லிஸ் லெர்மன் என்ற நடனக் கலைஞர் 1990-ல் ஒரு முறையே வகுத்தார். முதலில் எது மனதில் நின்றது என்று சொல்ல வேண்டும். அடுத்து எழுதியவர் கேள்வி கேட்பார். பிறகு பார்வையாளர்கள் சார்பில்லாத கேள்விகள் கேட்கலாம். கடைசியில், எழுதியவர் சம்மதித்தால் மட்டுமே அபிப்பிராயம். நல்ல முறைதான். இருந்தாலும் எந்த முறையும் ஒரு குறையை மறைக்க முடியாது: பார்க்காத ஒன்றைப் பற்றிக் கருத்துச் சொல்கிறார்கள். பேக்கரின் பார்வையாளர்கள் பார்த்துவிட்டு எழுதினார்கள். இவர்கள் கேட்டுவிட்டுத் திருத்துகிறார்கள்.

யோசனைப்படி திருத்திய நாடகம் என்ன ஆகிறது? அடுத்த ஆண்டு இன்னொரு பல்கலைக்கழகத்தில் இன்னொரு வாசிப்பு. அங்கே எதிர்மாறான யோசனை. மறுபடி திருத்தம். மறுபடி ஸ்டாண்டு. கல்யாணமே ஆகாமல் பெண் பார்க்கும் படலம் மட்டும் வருஷக்கணக்கில் நீள்கிறது. வந்தவர்கள் எல்லாம் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு "பெண் லட்சணம்தான், கடிதம் போடுகிறோம்" என்று போய்விடுகிறார்கள்.

பணம் என்ற சாக்கு

எதிர்ப்பக்க வாதங்களையும் பார்த்துவிடலாம்.

முதல் வாதம்: பணம் இல்லை. பெயர்பெற்ற ஒரு மியூசிக்கலுக்கு உரிமைத் தொகை கட்டி, இசைக்குழு வைத்து, உடை தைத்து ஆண்டுதோறும் போடும் துறைகளே இதைச் சொல்கின்றன. அதற்குப் பணம் வந்த வழியில் இதற்கும் வரும். புதிய நாடகத்துக்குப் பிராட்வே பகட்டு வேண்டாம். ஒரு சின்ன அறை, கறுப்புத் திரை, இருபது விளக்கு, நான்கு மேஜை போதும். நடிகர் பிரதியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் முதல் தேவை. கோச் இதைவிடக் குறைவான வசதியில் செய்து காட்டினார்.

இரண்டாவது வாதம்: தயாராகாத நாடகத்தை மேடையேற்றினால் எழுத்தாளருக்கு அவமானம். அவமானப்படவும் ஒரு இடம் வேண்டாமா? வெளியே விழுந்தால் விமர்சகர் கிழிப்பார், போட்ட முதல் போகும், அடுத்த வாய்ப்பு கிடைக்காது. பல்கலைக்கழகத்தில் விழுந்தால் மறுநாள் வகுப்புக்குப் போகலாம். விழுந்தால் அடிபடாத இடம் என்பதுதான் பல்கலைக்கழக மேடையின் பெரிய சொத்து. அதைப் பயன்படுத்தாமல் நீச்சல் குளத்தைச் சுற்றி உட்கார வைத்து நீச்சல் பாடம் நடத்துகிறார்கள்.

மூன்றாவது வாதம்: வாசிப்பானால் எட்டுப் பேருக்கு வாய்ப்புத் தரலாம், மேடையேற்றம் என்றால் இரண்டு பேருக்குத்தான். கேட்க நியாயம் மாதிரி இருக்கும். எட்டுப் பேருக்குப் பசி என்றால் இரண்டு பேருக்குச் சோறும் ஆறு பேருக்கு அடுத்த பந்தியும் என்று சொல்வது நேர்மை. எட்டுப் பேருக்கும் சாப்பாட்டு வாசனை காட்டி அனுப்புவது நேர்மையா?

இதில் பறிபோவது ஒரு விழாவின் பெயர் மட்டும் இல்லை. வெளியே நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கிறது. லூயிவில் நகரின் ஹுமானா விழா 1976-லிருந்து புதிய நாடகங்களை முழுதாக மேடையேற்றிப் பேர் வாங்கியது. பெருந்தொற்றில் தடைப்பட்ட அது பழைய உருவில் திரும்பி வரவில்லை. நியூயார்க்கில் புதிய நாடகங்களை வளர்த்த லார்க் மையம் 2021-ல் கதவைச் சாத்தியது. இளம் நாடகாசிரியருக்கு மேடை தர மிச்சம் இருக்கும் பெரிய இடம் பல்கலைக்கழகம்தான். அதுவும் ஸ்டாண்டை நீட்டினால் அவர் எங்கே போவார்? தொலைக்காட்சித் தொடருக்கு எழுதப் போவார். அங்கே எழுதியது படமாகிறது, காசும் வருகிறது. அவரைக் குறை சொல்ல யாருக்கு யோக்கியதை இருக்கிறது?

என்ன செய்யலாம்?

ஒன்று: வாசிப்பை 'வாசிப்பு' என்றே சொல்லுங்கள். 'நாடக விழா' என்று பதாகை கட்டாதீர்கள்.

இரண்டு: ஒரு விழாவில் எத்தனை நாடகம் வாசித்தாலும், அவற்றில் குறைந்தது ஒன்றுக்கு அடுத்த பருவத்தில் மேடை என்று அன்றைக்கே தேதியோடு அறிவியுங்கள். தேதி தெரிந்தால் எழுதியவர் திருத்தும் விதமே மாறும். அவர் யோசனைகளுக்காகத் திருத்த மாட்டார், மேடைக்காகத் திருத்துவார்.

மூன்று: ஒரு நாடகத்துக்கு ஒரே இடத்தில் இரண்டாவது வாசிப்பு கிடையாது. அடுத்தது மேடை, அல்லது "எங்களுக்கு வேண்டாம்" என்ற வெளிப்படையான பதில். வேண்டாம் என்பதும் ஒரு மரியாதைதான். அவர் வேறு கதவைத் தட்டுவார்.

நான்கு: பேச்சில் நிற்காத நாடகங்களுக்கு முதலில் இடம் கொடுங்கள். வாசித்தால் புரியாது என்பதே அதை மேடையேற்றுவதற்கான காரணம்.

எதுவும் நடக்காத காரியம் இல்லை. ஒரு பேராசிரியர் நூறு ஆண்டுக்கு முன் பக்கத்துக் கல்லூரி மேடையைக் கேட்டு வாங்கிச் செய்தார். இன்னொருவர் மாணவனையே வேஷம் கட்ட வைத்துச் செய்தார். சில குடியேறிகள் மீன் நாற்றம் போகாத கொட்டகையில் செய்தார்கள். இவர்களில் ஒருவர் கையிலும் இன்றைய நாடகத் துறையிடம் இருக்கும் வசதியில் பாதி இல்லை.

அந்த ஆறாவது நாற்காலிக்காரர் அடுத்த விழாவிலும் வருவார். "மழை பெய்கிறது" என்று வாசிப்பார். அவரை எழுந்திருக்கச் சொல்லுங்கள். கையில் ஒரு தகரத்தைக் கொடுத்துத் திரைக்குப் பின்னால் அனுப்புங்கள். இடி இடிக்கட்டும்.